பிரிண்டர் அறையில் ஒரு பக்கெட் தண்ணீர்

நவம்பர் 17, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் சாலையில் லாரி போன பள்ளமெல்லாம் குளம்.

லேபிள் தாள் மறுபடியும் சுருண்டுவிட்டது. போன வாரம் அடித்த மூன்று ரோலும் வீண். கெமிக்கல் டிரம்மில் ஒட்டினால் ஓரம் தூக்குகிறதாம். லேபிள் வாங்குகிறவர் போனில், "மண்டை ஓடு படமே உரிஞ்சிக்கினு வருது, இன்னா லேபிள் இது?"

ஈரம் இழுக்கும் மெஷின் வந்து இறங்கியது. மூடிப்போன மருந்து கம்பெனி ஒன்றிலிருந்து தம்பி தினகர் பிடித்து வந்தது. ஃபிரிட்ஜ் உயரம். பிரிண்டர் அறைக்கு இது ரொம்பப் பெரிது, ஆனாலும் இருக்கட்டும். குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்தேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். "யாரும் தொடக் கூடாது" என்று சீட்டு எழுதி ஒட்டியாயிற்று.

வாங்க: அகல டேப், பினாயில், தினகருக்கு பிரஷர் மாத்திரை.

காலையில் கேட்டுக்குக் குறுக்கே ஒரு லாரி. தினகர் டிரைவரைக் கீழே இழுத்து அறைந்தான். வாயில் ரத்தம். லாரி உடனே நகர்ந்தது. நான் பைக்கின் பின் சீட்டிலிருந்து இறங்கவே இல்லை. இறங்கி என்ன சொல்ல?

நவம்பர் 18, செவ்வாய்

மெஷின் தொட்டியில் ஒரே ராத்திரியில் முக்கால் குடம் தண்ணீர். எல்லாம் காற்றில் இருந்ததா! கொண்டுபோய் வேப்பங்கன்றுக்கு ஊற்றினேன்.

தாள் தகடு போல் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு வாரமாக இல்லாத சந்தோஷம். இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

சுவரில் ஈரப்பத மீட்டர் 34 காட்டுகிறது. குறையக் குறைய நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

தூறல். பிரிண்டர் சரியில்லை. கறுப்பில் கோடு விழுகிறது. ஆபரேட்டர் மோகன், இங்க் தெளிக்கிற ஹெட்டுக்கு இரண்டு தடவை கிளீனிங் போட்டார். கொஞ்ச நேரம் சரி, மறுபடியும் கோடு. மீட்டர் 29.

மோகன் ஆறு வருடமாக இந்தப் பிரிண்டரை ஓட்டுகிறார். அதற்கு முன் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அத்திப்பட்டிலிருந்து தினமும் ரயில். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. இன்று உதடு காய்ந்து வெடித்துப்போய் வந்து நின்றார்.

"மேடம், ரூம் ரொம்பக் காஞ்சிக் கெடக்குது. தாள் எட்த்தா கையில ஷாக் அடிக்குது. அதான் இங்க் ஹெட்லயே காயுதுன்னு நெனைக்கிறேன். ஒரு பக்கெட்டு தண்ணியும் ஈரத்துணியும் பக்கத்துல வெச்சிக்கட்டுமா?"

நான் வாங்குகிறவரோடு போனில் இருந்தேன். "சரி, சரி, வெச்சிக்கோங்க" என்று கையை ஆட்டினேன்.

சாயங்காலம் தினகர், "ஏன் கோடு கோடா வருது?" என்றான். மெஷினைப் பார்க்கிறவர் மோகன், அவரையே கேள் என்றேன். அவன் வேறு கணக்குப் போட்டுவிட்டான். "பக்கத்து கம்பெனிக்காரன் அவன கூப்ட்டுக்கினு கீறான். நம்ம மெஷின கெட்த்துட்டுப் போலான்னு பாக்குறான்." நான் மறுத்துப் பேசவில்லை. தலை வலித்தது.

நவம்பர் 21, வெள்ளி

நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணிக்கு, இந்த வாரம் அனுப்பிய நான்கு ரோலும் திரும்பி வந்தன. பார்கோடு படிக்கவில்லை. "கண்ணில் பட்டால் பார்வை போகும்" என்ற வரியில் பாதி எழுத்தைக் காணோம். தினகர் ஒரு ரோலைத் தூக்கிச் சுவரில் அடித்தான். நேராகப் பிரிண்டர் அறைக்குள் போனான். நான் பின்னாலேயே.

பிரிண்டருக்குக் கீழே நீல பக்கெட், நிறைய தண்ணீர். பிரிண்டர் மூடியின் மேல் ஈரத் துண்டு.

"இன்னாடா இது?"

"தண்ணி சார். ரூம் காஞ்சி..."

"மெஷின்ல தண்ணி ஊத்திக்கினு கீறியா? அதான் ஹெட்டு அடைக்குதா?"

"ஐயோ, ஊத்தல சார். சும்மா பக்கத்துலதான் வெச்சேன்."

அறை விழுந்தது. மோகனின் கண்ணாடி பறந்து எங்கோ போயிற்று.

"மேடத்துகிட்ட கேட்டுக்கினுதான் வெச்சேன் சார். கேளுங்க."

தினகர் திரும்பினான். "யக்கா, நீ சொன்னியா?"

மோகனும் என்னைப் பார்த்தார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

ரோல் மாட்டும் இரும்பு பைப் மூலையில் இருந்தது. தினகர் அதை எடுத்தான். முதல் அடி முதுகில். மோகன் பக்கெட் மேலேயே விழுந்தார். தரையெல்லாம் தண்ணீர். காலால் உதைத்தான், வாயில், மறுபடியும் வாயில். மோகன் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "மெஷின் மேல கைய வெக்காதடா!" பைப் மணிக்கட்டில் இறங்கியது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் தாண்டி எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கை தரையில் விழுந்த பிறகு விரல்கள் மேல் இன்னொரு அடி.

அதற்கப்புறம்தான் நான் "போதும்டா" என்றேன்.

ஆட்டோவில் ஜி.எச். அவர் கையை என் துப்பட்டாவில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் மோகன் பல் கடிக்கிற சத்தம் மட்டும்.

டாக்டர், "எப்டிம்மா ஆச்சி?"

"மெஷின்ல மாட்டிக்கிச்சி" என்றேன் நான்.

மோகன் கண்ணை மூடிக்கொண்டார். இங்கே முடியாது என்று சென்னைக்கு அனுப்பினார்கள்.

நவம்பர் 22, சனி

மழை விட்டு வெயில். பிரிண்டர் அறையை நானே கழுவினேன். ரத்தமும் கறுப்பு இங்க்கும் கலந்து, எது எது என்று தெரியவில்லை. மெஷின் காலுக்கடியில் ஒரு பல். தாளில் மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். எதற்கு வைத்தேன், தெரியாது.

பத்து மணி ரயிலில் சென்னை. வார்டு வாசலில் மோகனின் மனைவி ரேவதி. நாஷ்டாவுக்கு இட்லி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பொட்டலத்தைத் தட்டிவிட்டாள். செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். இரண்டு தடவை. யாரும் தடுக்கவில்லை.

"மெஷினா? எந்த மெஷினு காலால வாயில ஒதைக்கும்? நீ பாத்துக்கினுதான நின்ன?"

இரண்டு விரல் எடுத்தாகிவிட்டது. மோதிர விரல், சுண்டு விரல். மணிக்கட்டில் கம்பி. உள்ளே போய் அவரைப் பார்க்கவில்லை.

திரும்புகிற ரயிலில் கன்னம் எரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பூ நீட்டினாள், வேண்டாம் என்றேன்.

வீட்டில் தினகர் கறி வாங்கி வைத்திருந்தான். "பேஜாரு முடிஞ்சிது, விடு" என்றான். சமைத்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நவம்பர் 24, திங்கள்

பழவேற்காட்டிலிருந்து நஜீர் வந்தார், மெஷின் சர்வீஸ் செய்கிறவர். ஹெட்டைக் கழற்றினார். அது ஓய்வாக உட்காருகிற ரப்பர் மூடியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"யக்கா, பிஸ்கட் மாரி கீது பாருங்க. ஏன் இப்டி காஞ்சிது?"

"உள்ள தண்ணி ஊத்தினா இப்டி ஆகுமா?"

"யார் சொன்னது? ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல. இது காத்து காஞ்சதால வந்தது." மீட்டரைப் பார்த்தார். "இருபத்தெட்டா! நாப்பதுக்குக் கீழ போனாலே நாசில் ஓட்டைல இங்க் ஒறைஞ்சிடும். அம்பதுல நிக்கணும், அறுபது தாண்டினா தாள் சுருளும். யாரு இந்தக் குமிழ இவ்ளோ கீழ வெச்சது?"

"நான்தான்."

"மோகன் அண்ணனுக்கு இதெல்லாம் தெரியுமே. பக்கத்துல ஒரு பக்கெட்டு தண்ணி வெக்கச் சொல்லியிருந்தாகூட இவ்ளோ மோசமா ஆயிருக்காது."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் நஜீர்.

குமிழை ஐம்பதில் வைத்தார். டேப்பைக் கிழித்தார். ஹெட்டை மருந்தில் ஊறவைத்து மாட்டினார். மூன்று மணிக்கு, எல்லா ஓட்டையும் இங்க் விடுகிறதா என்று பார்க்க நாசில் செக் அடித்தோம். எல்லாக் கோடும் வந்தது. ஒன்றுகூட விடாமல்.

தினகர் அந்தத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். சிரித்தான். "பாத்தியாக்கா? அவன் போனான், மெஷின் ஓடுது."

நான் அப்போதும் சொல்லவில்லை.

21ஆம் தேதி, ஞாபகம் வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். ஞாபகம் வந்தது. தினகர் திரும்பிப் பார்த்த அந்த நொடியில், போன், என் கை, நான் சொன்ன "சரி, சரி", எல்லாமே வந்தது. ஆமாம் என்றிருந்தால் அவன் பார்வை என் மேல் விழும். அவனுடைய பெண்டாட்டி இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டிலிருந்து, அவன் அடித்த அடியில் தாடை உடைந்து, வெளியேறியவள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நான்தான். அந்தக் கை என் மேல் விழக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன்.

நவம்பர் 26, புதன்

வெயில். முழங்கால் வலி. கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை, மீட்டர் 66 வரை ஏறி இறங்கியது.

ஆர்.கே.பேட்டையிலிருந்து எங்கள் அப்பா, நைனா, வந்தார். நாற்று விட வேண்டிய நேரத்தில் நிலத்தை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார் என்றால், தினகர் கூப்பிட்டிருக்கிறான். ரேவதி போலீசுக்குப் போய்விட்டாளாம்.

நைனா என் எதிரே உட்கார்ந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில மெஷின்னு சொன்னல்ல? அதையே கம்பெனி ரெஜிஸ்டர்லயும் எழுதிடு."

"நைனா, அந்த ஆளுக்கு ரெண்டு விரல் போயிடுச்சி."

"போனது போச்சி. இவன் உள்ள போனா திரும்பி வந்து உன்ன உட்டு வெப்பானா? அத யோசிச்சியா?"

என் மேல் அக்கறையாகத்தான் சொன்னார். பயந்தும்தான். சின்ன வயதில் தினகர் ஒருமுறை நைனாவையே ஏர்க்காலோடு சேர்த்துத் தள்ளியவன். அன்றிலிருந்து நைனா அவனிடம் குரல் உயர்த்தியதில்லை.

விபத்து ரெஜிஸ்டரில் எழுதினேன். "ரோல் மாட்டும்போது கவனக்குறைவால் வலது கை சிக்கியது." கையெழுத்து. நல்ல கையெழுத்து எனக்கு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது.

"கவனக்குறைவால்" என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது.

நவம்பர் 27, வியாழன், மத்தியானம்

காது கிழிந்திருக்கிறது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எஸ்.ஐ. அம்மா சாப்பிடப் போயிருக்கிறார். வர அரை மணி ஆகுமாம்.

காலை பதினொன்றரை. நைனா பஸ் ஏறிவிட்டார். தினகர் பிரிண்டர் அறைக்குள் வந்து பைப்பை எடுத்தான். செய்தித்தாளில் சுற்றினான்.

"எங்கடா?"

"சென்னைக்கு. இன்னொரு கையும் கீதுல்ல அவனுக்கு. அது போச்சின்னா பொண்டாட்டிய இட்டாந்து கேஸ வாபஸ் வாங்குவான்."

கதவை மறித்து நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

"அவர் மேல தப்பு இல்லடா. ரூம காய வெச்சது நானு. குமிழத் திருப்பினது நானு. தண்ணி வெக்கட்டுமான்னு கேட்டாரு, சரின்னு சொன்னதும் நான்தான்."

பைப்பைக் கீழே இறக்கினான்.

"அப்போ அன்னிக்கு ஏன் வாயத் தொறக்கல?"

நான் கதவை விட்டு நகரவில்லை.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவன தொட்டிருப்பனா? என்ன வெச்சி ஒருத்தன் கைய ஒடைச்சிட்டு ஊட்டுல கறி ஆக்கிப் போட்டியே!"

அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடுதான் அடித்தான். முடியைப் பிடித்துக் கதவு நிலையில் தலையை மோதினான். கம்மல் அறுந்து போயிற்று. கீழே விழுந்தேன். வயிற்றில் உதை. பைப்பால் ஈரம் இழுக்கும் மெஷினை அடித்தான், தகடு பிளந்து தொட்டித் தண்ணீர் என் மேல் கொட்டியது. மெஷினை அடித்து முடித்துவிட்டு என்னிடம் வருவான் என்று தெரிந்தது.

அலமாரிக்குக் கீழே ஹெட் கழுவுகிற மருந்து, நஜீர் வைத்துவிட்டுப் போன பாட்டில். மூடியைத் திருகினேன். அவன் குனிந்தபோது முகத்தில் ஊற்றினேன்.

கத்தினான். கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் மோதினான். பைப் உருண்டு வந்தது. எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். அவன் தோளில் அடித்தேன். இன்னொன்று முதுகில். கீழே விழுந்தவனை மூன்றாவதாகவும் அடித்தேன், அது தேவையே இல்லை. நன்றாக இருந்தது. நாற்பத்து நான்கு வயதில் முதல் முறை ஒருவரை அடிக்கிறேன், உடம்பெல்லாம் சூடாக, நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விடக் கூடாது.

"யக்கா, கண்ணு எரியுதுக்கா, தண்ணி, தண்ணி" என்றான். குடிக்கிற தண்ணீர் பாட்டிலை அவன் கையில் திணித்தேன். வெளியே வந்து கிரில்லைப் பூட்டினேன். ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் என் காதைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

எஸ்.ஐ. அம்மா ஜீப் வருகிறது.

நவம்பர் 27, அதே நாள், சாயங்காலம்

நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார் எஸ்.ஐ. அம்மா. சின்ன வயது. காதுக்குப் பஞ்சு கொடுத்தார். கிரில் சாவியை வாங்கி இரண்டு போலீசை அனுப்பினார். "பயப்படாதீங்க. நடந்தத எழுதிக் குடுங்க" என்றார்.

இரண்டு பக்கம் எழுதினேன். தினகர் அடித்தது, பைப், மணிக்கட்டு, விரல். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய். ரெஜிஸ்டரில் எழுதிய பொய். குமிழைத் திருப்பியது. இன்று காலை நான் அடித்தது. எழுதி முடித்ததும் மனசு லேசானது. தைரியமாக வந்துவிட்டோம், இனி ரேவதி முகத்தைப் பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன்.

எஸ்.ஐ. அம்மா நிதானமாகப் படித்தார். பிறகு இன்னொரு தாளை எடுத்தார். மோகன் படுக்கையிலிருந்து சொல்லி, யாரோ எழுதியது. கீழே இடது கைக் கட்டைவிரல் ரேகை.

"இதுல ரெண்டு பேர் மேல கம்ப்ளெய்ன்ட் கீதும்மா. ஒன்னு உங்க தம்பி. இன்னொன்னு நீங்க."

படித்துக் காட்டினார். "சார் முதலில் கையால் ஒரு அறை அறைந்தார். மேடத்திடம் கேட்டுத்தான் தண்ணீர் வைத்தேன் என்று சொன்னேன். சார் மேடத்தைக் கேட்டார். மேடம் தெரியாது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் சார் பைப்பை எடுத்தார்."

என் தாளை மறுபடியும் புரட்டினார்.

"நீங்க எழுதின ரெண்டு பக்கத்துல இந்த வரி இல்லியே?"

இல்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் விட்டிருந்தேன். வேண்டுமென்று விட்டேனா? இந்த டைரியில் "தெரியாது" என்று எழுதப் போய், கோடு போட்டு அடித்துவிட்டேன்.

"மோகன் சொல்றது நெஜமா?"

"நெஜம்."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் அந்த வரியைச் சேர்த்தேன். "தெரியாது என்று சொன்னேன். தெரியும்." கையெழுத்து.

அப்போது தினகரைக் கூட்டிவந்தார்கள். கண் இரண்டும் வீங்கிச் சிவந்து, சட்டை முழுக்க நனைந்து, ஒரு தோள் தொங்கி. சுவரோரம் நிறுத்தினார்கள்.

எஸ்.ஐ. அம்மா என்னைப் பார்த்து, குரல் மாறாமல், "நீங்களும் எழுந்து அந்தப் பக்கம் போய் நில்லுங்கம்மா" என்றார்.

போய் நின்றேன். இடையில் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. பார்வை சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, "யாரு?" என்றான்.

"நான்தான்டா."



பொழுது சாய்வதற்குள் என்னை அனுப்பிவிட்டார்கள். அவனை வைத்துக்கொண்டார்கள். நைனா ஆறு தடவை போன் செய்திருக்கிறார், எடுக்கவில்லை.

என் மேலும் கேஸ், நாளை காலை பத்து மணிக்கு மறுபடியும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு புடவை, ஒரு துண்டு, பிரஷ், அவனுடைய பிரஷர் மாத்திரை, பையில் எடுத்து வைத்தாயிற்று.